கறுப்புக் கட்டம் கட்டிய கார்

அத்தியாயம் 14

பெண்டாட்டியின் காருக்குப் புருஷனே இரங்கல் செய்தி போட்டதை எங்கேயாவது கேள்விப்பட்டதுண்டா? லார்க்ஸ்பர் கார் சங்கத்தின் ஜூன் இதழ், பதினோராம் பக்கம். கறுப்புக் கட்டத்துக்குள் நாலே வரி. "எண் 2263. பிறப்பு 1990. நிறம் சிவப்பு. அறுக்கப்பட்டது."

கீழே பெயர்: ரோலண்ட் பெப்லோ, பதிவாளர்.

போன வாரம் கெய்னர் அந்தப் பக்கத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிட்டுப் படுக்கப் போனாள். ரோலண்ட் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி பாலை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினான். 'அவர்' என்று எழுதலாம்தான். இந்த வாரம் எனக்கு மனசு வரவில்லை.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. லார்க்ஸ்பர் என்பது இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய தாழ்வான குட்டிக் கார். அதைத் தயாரிப்பதை நிறுத்தி இருபத்தைந்து வருஷம் ஆகிறது. நிறுத்தியதால்தான் அதற்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு பதிவேடு, பதிவேட்டுக்கு ஒரு பதிவாளர். கெய்னர் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இருபத்து நாலு வயதில், ஒரு சிவப்பு லார்க்ஸ்பர் வாங்கினாள். ரோலண்டைச் சந்தித்ததே அந்தக் காரால்தான். மகள் டாம்சின் பிறக்க இருந்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போனதும் அதில்தான். ரோலண்டுக்குக் கை நடுங்கியதால், வயிறு ஸ்டீயரிங்கில் இடிக்க இடிக்க ஓட்டிக்கொண்டு போனவள் கெய்னர்.

அப்புறம் அடித்தகடு துருப்பிடித்தது. கார் ஷெட்டுக்குள் போனது. "வர்ற விண்டர்ல சரி பண்ணிடறேன்" என்று ரோலண்ட் சொன்னான். பதினோரு குளிர்காலம் சொன்னான்.

பன்னிரண்டாவது குளிர்காலத்தில் அவள் ஒரு கிட் வாங்கினாள். கானெட் என்று பெயர். இரும்புக் குழாய்ச் சட்டம் ஒன்று, முன்பக்க மூக்கு ஒன்று, மூட்டை நிறைய போல்ட்டு. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு, ஸ்டீயரிங் எல்லாம் பழைய காரிலிருந்து நாமே கழற்றி மாட்டிக்கொள்ள வேண்டும். அவள் பதினாலு மாதம் கழற்றினாள், மாட்டினாள். துருப்பிடித்த உடல் காயலான் கடைக்குப் போனது. அரசாங்கச் சோதனையில் முதல் தடவை தோற்றாள். சோதனைக்காரர் கார் மேல் ஒரு பந்தை உருட்டிப் பார்த்து, அது தொட்ட இடத்தில் விளிம்பு கூர்மையாக இருக்கிறது என்று பதினேழு இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுத் தந்தார். தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற பச்சைக் குழாயை நீளவாக்கில் கிழித்து அவள் விளிம்பெல்லாம் மாட்டியிருந்தாள். அது செல்லுபடியாகவில்லை. இரண்டாம் தடவை ஒழுங்கான ரப்பர் வாங்கி மாட்டிப் பாஸ் பண்ணினாள்.

பாக்கி இருப்பது நம்பர் பிளேட் மட்டும். அந்த நாலு பாகமும் ஒரே பழைய காரிலிருந்து வந்தவை என்று சங்கத்தின் பதிவாளர் கடிதம் கொடுத்தால், அவளுடைய பழைய எண்ணே கிடைக்கும். ஹெச் 318 என்று தொடங்குகிற, முப்பது வருஷமாக அவள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுகிற எண். கொடுக்காவிட்டால் க்யூ என்று தொடங்குகிற எண் வரும். எந்த வருஷத்து வண்டி, எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத வண்டிகளுக்குப் போடுகிற எழுத்து அது. சங்கத்துக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர், அப்பன் பேர் தெரியாத வண்டி.

மூன்று வாரமாகப் பதிவாளர் கையெழுத்துப் போடவில்லை. பதிவாளர் அதே கட்டிலில்தான் படுத்துத் தூங்குகிறார்.

* * *

ஞாயிற்றுக்கிழமை காலை கெய்னர் முதல் வேலையாக ஃப்ரிட்ஜிலிருந்து அந்தப் பக்கத்தைக் கிழியாமல் பிரித்தாள். கறுப்புக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டாள்.

"அது எதுக்கு?" என்றான் ரோலண்ட். அவன் முன்னால் முட்டை ஆறிக்கொண்டிருந்தது.

"கார்ல ஒட்டறதுக்கு."

"கெய்ன், இன்னிக்கு அதைக் கொண்டுட்டு வர வேண்டாமே."

"வருஷக் கூட்டம். நான் சந்தா கட்டின மெம்பர். ஏன் வரக்கூடாது?"

"வரக்கூடாதுன்னு சொல்லல. அடுத்த வாரம் நானே உட்கார்ந்து கடிதத்தைப் பத்தி யோசிக்கறேன்."

"பதினோரு விண்டர் யோசிச்ச ஆளு நீ. இந்தத் தடவை தலைவர் நைஜல்கிட்டயே பேசிட்டேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, எல்லார் முன்னாடியும், நாலு பாகத்தோட நம்பரையும் அவரே பார்க்கப் போறாரு. சரியா இருந்தா நீ கையெழுத்துப் போட்டே ஆகணும். கமிட்டி முடிவு."

ரோலண்ட் முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எப்போ பேசின?"

"வியாழக்கிழமை. ஏன், முகம் இப்படிப் போகுது?"

"ஒண்ணும் இல்ல."

வெட்கம் என்று அவள் நினைத்தாள். சங்கத்திலேயே பேர் பெற்ற ஆளின் பெண்டாட்டி ஒரு லார்க்ஸ்பரை அறுத்தாள் என்றால், நாலு பேர் முன்னால் நிற்க அவனுக்குக் கூச்சமாகத்தானே இருக்கும் என்று. முப்பது வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியும் ஆளைத் தப்பாகப் படிக்கலாம்.

மார்ச் மாதத்திலும் அவனுக்கு முகம் இப்படிப் போனது. கெய்னர் அப்போது எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பக்கவாட்டில் ஒரு கை நீளத்துக்கு, தையல் போட்ட மாதிரி ஒரு தழும்பு. விரிசல் விட்ட இரும்பைத் தைத்து ஒட்டிய வேலை. "இது என்ன?" என்று கேட்டாள். "உனக்கு முந்தின ஓனர் பண்ணியிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குள் போய்விட்டான். அவளும் அதன் மேல் சிவப்புப் பெயின்ட்டைப் பூசிவிட்டு மறந்துபோனாள்.

வாசலில் ஹாரன் கேட்டது. டெல்ஃபர்டில் பஸ் ஓட்டுகிற டாம்சின், டிரெய்லர் ஒன்றை இரவல் வாங்கி இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். எண் இல்லாத காரை ரோட்டில் ஓட்ட முடியாதே.

"அப்பா, நீங்களும் எங்ககூட வர்றீங்களா?" என்றாள் ஜன்னல் வழியாக.

"நான் என் கார்ல வரேன்."

"தெரியும். சும்மா கேட்டேன்."

* * *

வென்லாக் பக்கத்தில், சங்கத்தின் மூத்த உறுப்பினர் எனிட்டின் வயலில் வருஷா வருஷம் கூட்டம். நாற்பது லார்க்ஸ்பர்கள் வரிசையாக நிற்கும். இந்தச் சங்கத்துக்காரர்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். எல்லோரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பார்கள். ஒருவர் காரை இன்னொருவர் தொடக்கூடாது, சொந்தக்காரர் வாய் திறந்து சொன்னாலொழிய. குனியலாம், எட்டிப் பார்க்கலாம், கைகள் மட்டும் பின்னாலேயே இருக்க வேண்டும். புதிதாக வருகிற யாராவது ஒரு பானெட்டில் விரல் வைத்துவிட்டால், சட்டைப் பைக்குள் கையை விட்ட மாதிரி பார்ப்பார்கள்.

வரிசையின் நடுவில் ரோலண்டின் கார் நின்றது. பச்சை நிறம், எண் 0417. இது நம்பர் பிளேட் எண் இல்லை, தொழிற்சாலையில் காருக்கும் அதன் எஞ்சினுக்கும் சேர்த்து அடிக்கிற எண். ஏழு வருஷமாகக் கோப்பை அதற்குத்தான். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்த எஞ்சின், இருந்த போல்ட்டு, இருந்த கண்ணாடியோடு இன்றும் இருக்கிற ஒரே லார்க்ஸ்பர். சங்கத்துக் காலண்டரில் அதன் படம். ரோலண்ட் டீ குடிக்கிற மக்கில்கூட 0417. எப்போதும் பானெட்டைத் திறந்து எஞ்சினைக் காட்டிக்கொண்டு நிற்கிறவன் இன்றைக்கு மட்டும் மூடி வைத்திருந்தான். அதை யாரும் கவனிக்கவில்லை, நாமாவது கவனித்து வைப்போம்.

டிரெய்லர் வயலுக்குள் நுழைந்ததும் சங்கத் தலைவர் நைஜல் ப்ராத்தரோ கையில் பலகையோடு ஓடி வந்தார்.

"கெய்னர், உங்க வண்டியை அந்தப் பக்கம், பர்கர் வேன்கிட்ட நிறுத்திக்கங்க. வரிசை லார்க்ஸ்பருக்கு மட்டும்."

"இதுல என்ன ஓடுதுன்னு நினைக்கறீங்க நைஜல்? பால் வண்டி எஞ்சினா?"

"பன்னிரண்டு மணிக்குப் பார்த்து முடிவு பண்றோம். அதுவரைக்கும் விதி விதிதான்."

பின்னாலிருந்து எனிட்டின் குரல் வந்தது. இடுப்பு ஆபரேஷன் ஆகி, ஒரு கையில் குச்சி, இன்னொரு கையில் நாய்க் கயிறு. "வயல் யாருது நைஜல்?"

"உங்களுதுதான் எனிட்."

"அப்போ அவ எங்க நிறுத்தணும்னு நான் சொல்றேன். கெய்னர் கண்ணு, உன் புருஷன் பக்கத்துல நிறுத்து. பெண்டாட்டி வேற எங்க நிப்பா?"

கெய்னர் காரை டிரெய்லரிலிருந்து இறக்கி, எஞ்சினைக் கிளப்பி, நாற்பது பேரும் திரும்பிப் பார்க்க வரிசை முழுவதையும் கடந்து போய் பச்சைக் காருக்கு அருகில் நிறுத்தினாள். குழாய்ச் சட்டமும் நாலு சக்கரமும் இரண்டு சீட்டும் பழைய லார்க்ஸ்பரின் உருண்டை விளக்குகளும், அவ்வளவுதான் அந்தக் கார். மூக்கின் மேல் கறுப்புக் கட்டத்தை ஒட்டியிருந்தாள். அதற்குக் கீழே டாம்சின் மார்க்கரால் எழுதியிருந்தாள்: இறந்தவர் நேரில் வந்திருக்கிறார்.

கூட்டம் கூடிவிட்டது.

"நல்ல காரைக் கொன்னுட்டாங்க" என்றார் தொப்பிக்காரர் ஒருவர்.

"நல்ல காரா? அடியில கையை விட்டா மறுபக்கம் வந்துடும்னு கேள்வி" என்றார் இன்னொருவர்.

"அதுக்காக அறுக்கறதா? தகடு மாத்தியிருக்கலாம்."

"பதினோரு வருஷம் மாத்தாம யாரு தடுத்தா?" இதை டாம்சின் சொன்னாள்.

"எலும்புக்கூட்டுக்கு லைட்டு போட்ட மாதிரி இருக்கு."

"கதவு எங்க?"

"இல்ல" என்றாள் கெய்னர்.

"கூரை?"

"அதுவும் இல்ல."

"மழை வந்தா?"

"நனைவேன்."

"சாண்ட்விச் எல்லாம் எங்க வைப்பீங்க?"

"வயித்துல."

ஒருவர் மட்டும் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். இப்படி ஒவ்வொன்றாக அறுத்துக்கொண்டே போனால் மிச்சம் இருக்கிறவற்றுக்கு மவுசு கூடும், ஆகவே கெய்னருக்குச் சங்கம் நன்றி சொல்ல வேண்டும் என்றார். தலையில் கைவைத்துக்கொண்டார்கள் பக்கத்தில் இருந்தவர்கள்.

மெலிந்த ஒரு ஆள், கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, எடை எவ்வளவு என்று கேட்டார்.

"அறுநூத்தி இருபது கிலோ."

"என்னோடது தொள்ளாயிரத்தி அறுபது." அவர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார், இதைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். "அதே எஞ்சினா?"

"அதே எஞ்சின்."

அதற்கப்புறம் அவர் யாரோடும் பேசவில்லை.

இத்தனை பேரும் பேசிக்கொண்டே என்ன செய்தார்கள் தெரியுமா? தொட்டார்கள். ஒருவர் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். ஒருவர் டயரை உதைத்தார். ஒருவர் சீட்டில் விரலை அழுத்தினார். ஒருவர் பெயின்ட்டை நகத்தால் சுரண்டினார். பக்கத்துப் பச்சைக் காரைக் கைகட்டிப் பார்த்த அதே ஆட்கள், ஒரு அடி தள்ளி வந்ததும் கையை அவிழ்த்துவிட்டார்கள். வாயால் சொன்ன எதுவும் கெய்னரைத் தைக்கவில்லை. இது தைத்தது. நீ சங்கத்துக்காரி இல்லை, இது கார் இல்லை என்பதை அவர்கள் கையாலேயே சொல்லிக்கொண்டிருந்தார்கள், சொல்கிறோம் என்று தெரியாமலே.

"தொடாதீங்க" என்றாள். சத்தமாக இல்லை.

"என்னம்மா?"

"என் காரை நான் சொல்லாம தொடாதீங்க. இந்த வயல்ல அப்படித்தானே வழக்கம்?"

தட்டிக்கொண்டிருந்த கை நின்றது. சிலர் சிரித்தார்கள். சிலர் கையைப் பின்னால் கொண்டுபோனார்கள்.

எனிட் குச்சியை டாம்சினிடம் கொடுத்தாள். "எனக்குத் தொடலாம்னு சொல்லேன். ஏறிக்கறேன்."

கெய்னர் அவளைத் தூக்கி உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, வயலை இரண்டு சுற்றுச் சுற்றினாள். வேலியோரம் திரும்பியபோது எனிட்டின் தொப்பி பறந்து செம்மறியாடுகளுக்கு நடுவில் போய் விழுந்தது. திரும்பி வந்து இறங்கியபோது எனிட்டின் நரைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

"எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்கள்.

"என் கல்யாணத்தன்னிக்குத்தான் கடைசியா இவ்வளவு பயந்தேன்" என்றாள் எனிட். "இது நல்லா முடிஞ்சுது."

ரோலண்ட் இதையெல்லாம் தன் காருக்கு அந்தப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கையில் துணி, துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான். எனிட் சொன்னதைக் கேட்டு அவன் வாயோரம் ஒரு நிமிஷம் சிரிப்பு வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. கெய்னர் பார்த்திருந்தால் அவளுக்கே பழைய ரோலண்ட் ஞாபகம் வந்திருக்கும்.

* * *

பன்னிரண்டு மணி. நைஜல் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டார். உத்தியோகம் ஆரம்பித்ததும் கெய்னர் 'மிஸஸ் பெப்லோ' ஆகிவிட்டாள்.

"மிஸஸ் பெப்லோ, தொட்டுக்கலாமா?"

"தாராளமா. கேட்டீங்களே, அதுக்கே நன்றி."

நைஜல் மண்டியிட்டு டார்ச் அடித்தார். பதிவேட்டில் 2263-க்கு எதிரே இருந்த எண்களை டாம்சின் ஒவ்வொன்றாகப் படித்தாள். கியர்பாக்ஸ் சரி. பின் அச்சு சரி. ஸ்டீயரிங் சரி. கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஹெச் 318. இன்னும் ஒரே ஒரு எண்தான்.

"எஞ்சின் நம்பர் தெரியல. பெயின்ட் மூடியிருக்கு" என்றார் நைஜல்.

"விட்டுடு நைஜல்" என்றான் ரோலண்ட்.

எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். "மூணு சரியா இருக்கே. போதும். கடிதம் நான் கொடுத்துடறேன்."

"நீயா சொல்ற? போன வருஷம் ஒரு திருகாணி தப்பா இருக்குன்னு எனக்கு ரெண்டு மார்க் குறைச்ச ஆளு" என்றார் நைஜல். "நாலுன்னா நாலுதான். கம்பி பிரஷ் யார்கிட்ட இருக்கு?"

"என்கிட்ட" என்றாள் கெய்னர்.

அவளே குனிந்தாள். தன் கையால் பூசிய சிவப்புப் பெயின்ட்டைத் தன் கையாலேயே சுரண்டினாள். அதற்கடியில் அவள் பூசாத ஒரு கறுப்புப் பெயின்ட் தடிமனாக இருந்தது. எப்போது வந்தது இது? அதையும் சுரண்டினாள். முதலில் ஒரு பூஜ்யம் தெரிந்தது. 2263-ல் பூஜ்யம் கிடையாது. அவள் கை நிற்காமல் இன்னும் வேகமாகப் போனது. நாலு. ஒன்று. ஏழு.

"என்ன போட்டிருக்கு மிஸஸ் பெப்லோ?" என்றார் நைஜல். குனிந்திருந்ததால் அவளுக்கு மட்டும்தான் தெரிந்தது.

அந்த ஒரு நொடியில் அவள் 2263 என்று சொல்லியிருக்கலாம். யாரும் மண்டியிட்டுப் பார்த்திருக்கப் போவதில்லை. பழைய எண் கையில் வந்திருக்கும்.

"பூஜ்யம் நாலு ஒண்ணு ஏழு" என்றாள் கெய்னர்.

"அது ரோலண்டோட நம்பர் ஆச்சே" என்றாள் எனிட்.

நைஜல் தானே குனிந்து பார்த்தார். எழுந்தார். பச்சைக் காருக்கு முன்னால் போய் நின்றார். "திற, ரோலண்ட்."

ரோலண்ட் திறந்தான். பளபளவென்று துடைத்து வைத்த எஞ்சினில், எல்லோருக்கும் மனப்பாடமான இடத்தில், அதே 0417. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்க வேண்டிய எண் அந்த வயலில் ஒரு அடி இடைவெளியில் இரண்டாக இருந்தது.

"அப்பா," என்றாள் டாம்சின் மெதுவாக, "என்ன பண்ணீங்க?"

ரோலண்ட் துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான்.

"ஒன்பது வருஷம் முன்னாடி. ஜனவரி. உங்கம்மா கார்டிஃப்ல தங்கச்சி ஆபரேஷனுக்குப் போயிருந்தா. ரேடியேட்டர்ல உறைஞ்சு போகாம இருக்க ஊத்தற திரவம் பச்சைக் கலர்ல இருந்துச்சு. ஃபேக்டரியில ஊத்தினது நீலம். நடுவருங்க மூடியைத் திறந்து பார்ப்பாங்களே. அதான் பச்சையை வடிச்சுட்டு நீலத்துக்கு ஆர்டர் போட்டேன். அது வந்து சேர்ற வரைக்கும் வெறும் குழாய்த் தண்ணி ஊத்தி வச்சேன். ரெண்டு நாள்தான். ரெண்டாவது நாள் மைனஸ் ஒன்பது."

வேறு எந்தக் கூட்டமாக இருந்தாலும் சிரித்திருக்கும். இங்கே மூன்று பேர் அனுதாபத்தோடு தலையாட்டினார்கள். நீலம்தான் சரி என்று ஒருவர் முணுமுணுக்கவும் செய்தார்.

"தண்ணி உறைஞ்சு எஞ்சின் விரிசல் விட்டுடுச்சு. கெய்னரோடது ஷெட்டுல சும்மா நின்னுது. அதைக் கழட்டி இதுல போட்டேன். அதுல இருந்த நம்பரைத் தேய்ச்சுட்டு என் நம்பரை அடிச்சேன். உடைஞ்சதைத் தைச்சு அவ கார்ல வச்சு, நம்பர் மேல பெயின்ட் அடிச்சேன். அது இனிமே வெளிய வரப்போறதில்லன்னு நினைச்சேன்."

பதினோரு குளிர்காலம் ஏன் வரவே இல்லை என்று கெய்னருக்கு இப்போது புரிந்தது. முதல் மூன்றும் சோம்பேறித்தனம். மிச்சம் எட்டும் பயம்.

நைஜல் கண்ணாடியைக் கழற்றினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். மறுபடியும் 'கெய்னர்' என்றார்.

"கெய்னர், இங்க பாருங்க. சங்கத்தோட இருபத்தைந்தாவது வருஷப் புத்தகம் அச்சுல இருக்கு. அட்டையில 0417. இது வெளிய போனா ஊர் சிரிக்கும். ஒரு வழி இருக்கு. அந்த இடத்துல திரும்பப் பெயின்ட் அடிச்சுடுங்க. நாங்க யாரும் எதையும் பார்க்கல. ரோலண்ட் இப்பவே கடிதத்துல கையெழுத்துப் போடறாரு. உங்க நம்பர் உங்களுக்கு. வரிசையில உங்க கார் எப்பவும் நிக்கலாம். என்ன சொல்றீங்க?"

அவள் சுற்றி நின்றவர்களைப் பார்த்தாள். ஒருவர்கூட அவள் கண்ணைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்தார்கள், எனிட்டின் நாயைப் பார்த்தார்கள்.

ரோலண்ட் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். மூன்று வாரமாகப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான், மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது. தன் காரின் ஓரத்தில் வைத்துக் கையெழுத்துப் போட்டு நீட்டினான்.

கெய்னர் வாங்கிப் படித்தாள். இத்தனை நாள் அவள் கெஞ்சிக் கேட்ட கடிதம். அவளுக்கு அழுகை வந்தது, அதை அவள் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"எஞ்சின் எண் 2263-னு எழுதியிருக்கு" என்றாள்.

"ஆமா."

"பொய்."

"கெய்ன், உனக்கு அந்த நம்பர் வேணும்னுதானே..."

"வேணும். எவ்வளவு வேணும்னு உனக்குத்தான் தெரியும். அந்த நம்பரை வச்சுக்கிட்டுத்தான் உன்னைப் பார்த்தேன், இவளைப் பெத்தேன். ஆனா உன் பொய்யை மூடறதுக்குக் கூலியா அது எனக்கு வேண்டாம்." கடிதத்தை நாலாக மடித்து அவன் சட்டைப் பையிலேயே வைத்தாள். "க்யூ-ன்னா க்யூ. அப்பன் பேர் தெரியாத வண்டின்னு சொல்லிக்கங்க. கட்டினவ பேரு எல்லாருக்கும் தெரியும்."

"மிஸஸ் பெப்லோ," என்று நைஜல் ஆரம்பித்தார்.

"இன்னும் முடியல நைஜல்." அவள் ரோலண்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒன்பது வருஷமா என் எஞ்சினை உன் காருக்குள்ள வச்சு ஓட்டியிருக்க. ஏழு கோப்பையை அதை வச்சு வாங்கி ஹால்ல அடுக்கியிருக்க, அதுக்குத் தூசி தட்டினது நான். போன மாசம் அதே கையால என் காருக்குக் கறுப்புக் கட்டம் போட்ட. அறுக்கப்பட்டதுன்னு. யாரு ரோலண்ட் முதல்ல அறுத்தது?"

ரோலண்ட் துணியைப் பைக்குள் திணித்தான்.

"என் எஞ்சின் எனக்கு வேணும். புதன்கிழமைக்குள்ள கழட்டிக் கொடு. நீ கழட்டாட்டி நான் கழட்டுவேன். எப்படின்னு இப்ப எனக்குத் தெரியும்."

எனிட் குச்சியைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

அப்போதுதான் ரோலண்ட் அதைச் சொன்னான். கெய்னருக்கும் டாம்சினுக்கும் மட்டும் கேட்கிற மாதிரி சொல்ல நினைத்திருப்பான். வயல் அமைதியாக இருந்ததால் நாற்பது பேருக்கும் கேட்டது.

"கெய்ன். எஞ்சின் மட்டும் இல்ல."

கெய்னர் கை துடைக்கத் துணி தேடவில்லை. பச்சைக் காரின் பானெட்டை இழுத்துச் சாத்தினாள். எண்ணெயும் சிவப்புப் பெயின்ட் தூளும் அப்பிய வலது கையை விரித்து, சொந்தக்காரன் விரலைத் தவிர வேறு யார் விரலும் படாத அந்தத் தகட்டின் நடுவில் அழுத்தி வைத்தாள். நாற்பது பேரும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். தொடாதே என்று ஒருவரும் சொல்லவில்லை.

"சொல்லு," என்றாள். கையை எடுக்கவில்லை. "இதுல இன்னும் எதெல்லாம் என்னோடது?"